டைஃபுகோ: பெருந்தனக்காரரும் பரம ஏழையும்

டைஃபுகோ ஜப்பானில் பரவலாக ஆடப்படும் சீட்டாட்டம். கையில் இருக்கும் சீட்டுகளை முதலில் இறக்கி முடிப்பவர் வெல்கிறார். இத்தகைய ஆட்டங்களைத் தமிழில் ‘சீட்டுக் கழிக்கும் ஆட்டம்’ என்று சொல்லிவிடலாம். சீட்டைக் ‘கழிப்பது’ ஏற்கெனவே ஆடுபவர்களின் பேச்சில் இருக்கும் சொல்தான். உலகில் இந்த வகை ஆட்டங்கள் ஏராளம். அவற்றில் டைஃபுகோவைத் தனித்துக் காட்டுவது ஒன்று உண்டு: ஒரு சுற்றில் கிடைத்த இடம் அந்தச் சுற்றோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த சுற்றுக்குச் சீட்டு பிரித்தவுடனேயே அது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. ஆட்டத்தின் பெயர் இதைத்தான் சொல்கிறது. அதனால் பெயரைச் சரியாகப் புரிந்துகொண்டால் விதிகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘டை’ என்றால் பெரிய. ‘ஃபு’ என்றால் செல்வம். ‘கோ’ என்பது வலிமையையும் மேலாண்மையையும் குறிக்கும். ‘ஃபுகோ’ என்று சேரும்போது பணமும் அந்தப் பணத்தால் வந்த பலமும் உள்ள ஆள் என்று பொருள்படுகிறது. டைஃபுகோ அவரிலும் பெரியவர். இதற்கு நேர் எதிராக ‘டைஹின்மின்’ என்ற சொல் நிற்கிறது. ‘ஹின்’ வறுமை, ‘மின்’ மக்கள். இந்த ஆட்டத்தையே டைஹின்மின் என்று அழைப்பவர்களும் ஜப்பானில் உண்டு. உச்சியில் இருப்பவர் பெயரைச் சொன்னாலும் அடியில் இருப்பவர் பெயரைச் சொன்னாலும் ஆட்டம் ஒன்றுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று படிகள். மேலிருந்து வரிசையாகச் சொன்னால் டைஃபுகோ, ஃபுகோ, ஹெய்மின், ஹின்மின், டைஹின்மின். முதல் சுற்றில் எல்லாரும் ஹெய்மின், அதாவது சாமானியர். யார் எப்போது கையை முடித்தார்கள் என்ற வரிசைப்படி மற்ற பட்டங்கள் கிடைக்கின்றன. ஹெய்மின் ஆட்டத்துக்காகப் புனைந்த சொல் அல்ல. மெய்ஜி காலத்தில், 1869-இல், பழைய சாதி அடுக்கை மாற்றியமைத்தபோது பிரபுக்களும் முன்னாள் சாமுராய்களும் அல்லாத பெரும்பான்மை மக்களுக்குச் சட்டம் வைத்த பெயர் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு பிரபுப் பட்டங்களை ஒழித்தபோது அந்தப் பாகுபாடும் மறைந்தது. சட்டத்திலிருந்து போன சொல் சீட்டாட்டத்தில் இன்னும் புழங்குகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கீழ்ப்படிகள் மூன்றின் பெயரிலும் ‘மின்’ வருகிறது. மேல்படிகள் இரண்டிலும் வருவதில்லை. மக்கள் என்ற சொல் நடுப்படியோடு நின்றுவிடுகிறது.

தமிழில் என்ன சொல்வது? ‘கோடீஸ்வரர்’ உடனே நினைவுக்கு வரும். அது பணத்தின் அளவைச் சொல்கிறதே தவிர, ‘கோ’வில் இருக்கும் ஆதிக்கத்தைச் சொல்வதில்லை. ‘பெருந்தனக்காரர்’ என்ற பழைய வழக்கு எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படுகிறது. அதில் சொத்தும் இருக்கிறது, சபையில் முன்வரிசையில் உட்காரும் மிடுக்கும் இருக்கிறது. அடுத்தவர் தனக்காரர், நடுவில் சாமானியர், பிறகு ஏழை. டைஹின்மின்னுக்குச் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை: ‘பரம ஏழை’. ‘டை’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் ‘பெரிய ஏழை’ என்று எழுதினால் ஒட்டாது. தமிழில் வறுமையின் எல்லையைக் காட்டப் ‘பரம’ என்ற அடைதான் வாயில் வரும். வடசொல் கலவாமல் வேண்டும் என்பவர்கள் பெருஞ்செல்வர், செல்வர், பொதுமக்கள், வறியர், பெருவறியர் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் நல்ல வரிசைதான், குறிப்பாக முதலும் கடைசியும் ‘பெரு’ என்றே தொடங்குவதால். ஆனால் ஆடும்போது உரக்கக் கூப்பிடப் ‘பரம ஏழை’க்கு இருக்கும் உயிர் ‘பெருவறியர்’க்கு இல்லை என்பது என் எண்ணம்.

இனி விதிகள். 52 சீட்டுகளோடு ஒன்றோ இரண்டோ ஜோக்கர் சேர்த்து முழுக் கட்டையும் பிரித்துவிடுவார்கள். 3 தான் மிகத் தாழ்ந்த சீட்டு. அங்கிருந்து 4, 5 என்று ஏறி, ராஜா, ஏஸ் தாண்டி, 2 உச்சியில் நிற்கும். அதற்கும் மேலே ஜோக்கர். ஒருவர் ஒற்றைச் சீட்டு இறக்கினால் அடுத்தவர் அதைவிட உயர்ந்த ஒற்றைச் சீட்டு இறக்க வேண்டும். ஜோடிக்கு ஜோடி, மூன்றுக்கு மூன்று. முடியாவிட்டால், அல்லது விருப்பம் இல்லாவிட்டால், ‘பாஸ்’ சொல்லலாம். எல்லாரும் பாஸ் சொன்னதும் நடுவில் கிடக்கும் சீட்டுகளை ஒதுக்கிவிட்டு, கடைசியாக இறக்கியவர் புதிதாகத் தொடங்குவார்.

இரண்டாம் சுற்றிலிருந்து வரி வந்துவிடுகிறது. சீட்டு பிரித்ததும், பரம ஏழை தன் கையில் உள்ளவற்றில் மிக உயர்ந்த இரண்டைப் பெருந்தனக்காரரிடம் கொடுத்தாக வேண்டும். அவர் தமக்கு வேண்டாத இரண்டைத் திருப்பித் தருவார். ஏழையும் தனக்காரரும் இதேபோல் ஒவ்வொரு சீட்டை மாற்றிக்கொள்வார்கள். சாமானியர் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. இல்லாதவரிடமிருந்து எடுத்து இருப்பவருக்குக் கொடுக்கும் ஏற்பாடு என்பதால், ஒருமுறை மேலே போனவரை இறக்குவது கடினம். ஆட்டத்தின் சூடு இங்கேதான் பிறக்கிறது. வரியை எடுத்துவிட்டு ஆடினால் சப்பென்று ஆகிவிடும்.

இதற்கு மாற்றாக அதே விதிகளுக்குள் வைத்திருப்பதுதான் ‘காகுமெய்’. தமிழில் புரட்சி. ஒரே எண்ணில் நான்கு சீட்டுகளைச் சேர்த்து இறக்கினால் சீட்டுகளின் மதிப்பு தலைகீழாகிவிடும்: 3 உச்சிக்குப் போகும், 2 அடிக்கு வரும், ஜோக்கர் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். ஒரு கையை எடுத்துப் பார்க்கலாம். பரம ஏழைக்கு ஒரு 2, ஒரு ஏஸ், நான்கு 6, மற்றபடி சில்லறைச் சீட்டுகள் வந்திருக்கின்றன. விதிப்படி 2-ம் ஏஸும் பெருந்தனக்காரரிடம் போகின்றன. பதிலுக்கு அவர் தமக்குப் பயன்படாத ஒரு 3-ஐயும் ஒரு 4-ஐயும் தள்ளிவிடுகிறார். வரி உயர்ந்த சீட்டுகளைத்தான் பிடுங்குகிறது. நான்கு 6-ஐ அது தொடுவதில்லை. பல இடங்களில் சுற்றைத் தொடங்கும் உரிமையும் பரம ஏழைக்கே. அவர் முதலிலேயே நான்கு 6-ஐயும் கீழே வைக்கிறார். அந்த நொடியில், வேண்டாம் என்று தள்ளப்பட்ட 3-ம் 4-ம் அவருடைய கையின் பலமான சீட்டுகள். வாங்கிக்கொண்ட 2-ம் ஏஸும் பெருந்தனக்காரருக்குச் சுமை. வேறொருவர் தம்மிடமுள்ள நான்கை இறக்கினால் மதிப்பு பழையபடி திரும்பும். அதன் பெயர் ‘காகுமெய் கயேஷி’, எதிர்ப்புரட்சி.

இந்த ஆட்டத்துக்குச் சீனாவில் ஒரு மூத்த உறவு இருக்கிறது: ‘ஜெங் ஷாங்யோ’. ‘ஷாங்யோ’ என்றால் ஆற்றின் மேற்பகுதி. அங்கே போய்ச் சேரப் போட்டியிடுவது ‘ஜெங்’. 1958-இல் மாவோ காலத்துப் ‘பெரும் பாய்ச்சல்’ என்ற உற்பத்திப் பெருக்க இயக்கத்தை ஒட்டி எழுந்த முழக்கத்திலும் ‘மேலாற்றை நோக்கி முயல்வோம்’ என்ற இதே தொடர் வருகிறது. ஆட்டத்தில் முதலில் முடிப்பவர் மேலாறு, கடைசியில் முடிப்பவர் கீழாறு. தமிழில் இந்த ஆட்டத்துக்கு ‘எதிர்நீச்சல்’ என்று பெயரிட்டால் கச்சிதமாக இருக்கும். வியட்நாமின் ‘தியென் லென்’ ஆட்டத்தின் பெயருக்கும் முன்னேறு என்றுதான் பொருள்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதே வகை ஆட்டம் ‘பிரசிடென்ட்’ ஆகிவிட்டது. மேலே பிரசிடென்ட், அவருக்குக் கீழே துணை பிரசிடென்ட், கடைசியில் இருப்பவருக்கு ஒரு வசைச்சொல். இதை அப்படியே ‘குடியரசுத் தலைவர்’ என்று தமிழாக்குவது எனக்கு உடன்பாடில்லை. குடியரசுத் தலைவர் தேர்ந்தெடுக்கப்படுபவர். அவருக்கு எதிரிடையான சொல் ஏழை அல்ல. எதிரிடை போனால் வரிக்கும் புரட்சிக்கும் காரணம் இல்லாமல் போய்விடுகிறது. 1995-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து வெளியான ‘தி கிரேட் டால்முட்டி’ இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தது. அதன் 80 சீட்டுகளில் 1 என்ற எண் ஒரே சீட்டில், 2 இரண்டில், இப்படியே 12 என்ற எண் பன்னிரண்டு சீட்டுகளில் வரும். மிச்சம் இரண்டும் கோமாளிகள். சிறிய எண்தான் உயர்ந்தது. மேலே இருப்பவர்கள் அரிதானவர்கள், கீழே இருப்பவர்கள் பலர் என்பது சீட்டுக்கட்டிலேயே அச்சாகிவிட்டது.

ஜப்பானில் இடத்துக்கு இடம் கூடுதல் விதிகள் முளைத்திருக்கின்றன. அவற்றின் பெயர்களும் தமிழுக்கு எளிதில் வருபவை. 8 இறக்கினால் நடுவில் கிடப்பது உடனே ஒதுக்கப்படும், இறக்கியவரே மறுபடி தொடங்குவார். ‘ஹாச்சிகிரி’ என்ற இதை ‘எட்டு வெட்டு’ எனலாம். ஒரே சின்னத்தில் தொடர்ச்சியாக மூன்று எண்களையோ அதற்கு மேலோ சேர்த்து இறக்குவது ‘கய்டன்’, படிக்கட்டு. ஜாக்கி விழுந்தால் அந்தக் குவியல் முடியும் வரை மட்டும் மதிப்பு தலைகீழாக நிற்கும். ஒற்றையாக வந்த ஜோக்கரை இஸ்பேட் 3 அடிக்கும். 2, 8, ஜோக்கர் போன்றவற்றைக் கடைசிச் சீட்டாக வைத்து ஆட்டத்தை முடிக்கக் கூடாது என்று தடை போடுவோரும் உண்டு.

‘ஷிபாரி’ எனக்கு மிகவும் பிடித்த விதி. ஒருவர் இறக்கிய சின்னத்திலேயே அடுத்தவரும் இறக்கிவிட்டால், குவியல் ஒதுங்கும் வரை எல்லாரும் அதே சின்னத்தில்தான் இறக்க வேண்டும். ஷிபாரி என்றால் கட்டுதல். தமிழில் ‘கட்டு’ சீட்டுக்கட்டோடு குழம்பும். ‘தளை’ என்று சொன்னால் சரியாக அமரும்: யாப்பில் நின்ற சீரின் ஈறு, வரும் சீரின் முதல் எதுவாக இருக்கலாம் என்று கட்டுவதுபோல, இங்கே விழுந்த சீட்டு வரப்போகும் சீட்டைக் கட்டுகிறது.

‘மியாகோ ஓச்சி’ கடுமையான விதி. பெருந்தனக்காரர் அடுத்த சுற்றில் முதலாவதாக முடிக்கத் தவறினால், வேறொருவர் முதலில் முடித்த கணத்திலேயே அந்தப் பெருந்தனக்காரர் பரம ஏழை ஆகிவிடுவார். கையில் எவ்வளவு நல்ல சீட்டு இருந்தாலும் பயனில்லை. மியாகோ தலைநகரம். 1183-இல் தைரா குலத்தவர் குழந்தைப் பேரரசர் அந்தோகுவைத் தூக்கிக்கொண்டு கியோத்தோவை விட்டு ஓடிய நிகழ்ச்சிக்கு ஜப்பானிய வரலாற்றில் வழங்கும் பெயர் இதுதான். ‘தலைநகர வீழ்ச்சி’ என்று பெயர்த்தால் பிழை, ஏனென்றால் விழுந்தது நகரம் அல்ல, அதை விட்டுப் போனவர்கள். கம்பராமாயணத்தில் ‘நகர் நீங்கு படலம்’ இருக்கிறது. இந்த விதிக்கு ‘நகர் நீங்கல்’ போதும்.

சிலர் இதற்கும் ஒரு படி மேலே போய் ‘கெகொகுஜோ’ விதியைச் சேர்ப்பார்கள். கீழோர் மேலோரை வெல்வது என்று பொருள். உள்நாட்டுப் போர்கள் மலிந்த செங்கொகு காலத்தில், தலைவனைக் கவிழ்த்துத் தளபதி ஆட்சியைப் பிடித்ததைக் குறித்த சொல். பரம ஏழை முதலில் முடித்துவிட்டால் அவர் மட்டும் ஏறுவதில்லை. பழைய பட்டங்கள் முழுவதும் தலைகீழாகின்றன. ஏழை தனக்காரர் ஆவார், தனக்காரர் ஏழை ஆவார், பெருந்தனக்காரர் அடிக்கு வருவார். இதைக் ‘கீழ்மேல்’ என்று சொல்லலாம். நகர் நீங்கலும் கீழ்மேலும் ஒரே மேசையில் இருக்கும்போது எது எப்போது செல்லும் என்பதில் சச்சரவு வரும். எந்தெந்த விதி உண்டு என்பதை முதல் சீட்டு பிரிப்பதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.