பந்து கையில் விழுந்தால் மட்டும் அவுட் ஆகிவிடாது: கேட்ச், டேக் தீர்ப்புகளில் ஏமாறாமல் இருக்க

பேஸ்பாலிலும் சாஃப்ட்பாலிலும் ‘பந்தை உறுதியாகப் பிடித்திருத்தல்’ என்ற விதியைப் படித்தவர்களை விட, அதைக் கேள்விப்பட்டதாக நினைத்துக்கொள்பவர்களே அதிகம். அந்த நினைப்பால் தங்களுக்கு உரிய அவுட்டையும் ஓட்டத்தையும் பறிகொடுத்த அணிகள் பலவற்றைப் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

விதி சுருக்கமானது. காற்றில் வரும் பந்து ஃபீல்டரின் கையிலோ கையுறையிலோ பிடிபட வேண்டும். அது முழுவதும் அவர் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதும், அவர் விரும்பியேதான் அதை விட்டார் என்பதும் விளங்கும் அளவுக்கு அங்கே நிற்க வேண்டும். இத்தனை நொடி, இத்தனை காலடி என்ற கணக்கு விதியில் எங்கும் இல்லை. ‘இரண்டு நொடியாவது வைத்திருக்க வேண்டாமா’ என்று ஒரு நடுவர் கேட்டால், அது அவருடைய சொந்தச் சட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மிகுதியானோர் சிக்குவது விழும்போதுதான். பாய்ந்து பிடித்த ஃபீல்டர் தரையில் மோதியோ, சுவரிலோ சக வீரர்மீதோ இடித்தோ, அந்த வேகத்திலேயே பந்தை நழுவவிட்டால், அதற்கு முன் அது எவ்வளவு அழகாகக் கையுறையில் அமர்ந்திருந்தாலும் கேட்ச் இல்லை. இதற்கு நேர்மாறானது, எறிவதற்காகப் பந்தைக் கையுறையிலிருந்து எடுக்கும்போது தவறவிடுவது. கட்டுப்பாடு ஏற்கெனவே வந்துவிட்டதால் இங்கே கேட்ச் செல்லும். அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கிலேயே 2014-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பந்து மறு கைக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தால்தான் கேட்ச் என்று தீர்ப்புகள் வந்தன. எதிர்ப்புக் கிளம்பவே, எறிவதற்காகக் கையுறையை வேண்டுமென்றே திறந்தபின் பந்து விழுந்தால் கேட்ச் செல்லும் என்று அந்த ஏப்ரலிலேயே விளக்கத்தை மாற்றினார்கள். பழைய விளக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் நடுவர்களை இன்றும் சந்திக்க நேரிடுகிறது.

மார்போடு அணைத்த பந்து இன்னும் பிடிபட்ட பந்தல்ல. கையோ கையுறையோ அதைப் பற்றிய பிறகுதான் கணக்கு. தொப்பியைக் கழற்றி அதில் ஏந்தினாலும் பயனில்லை.

டேக் செய்வதில், அதாவது பேஸ்களுக்கு (ஓட்டப்பாதையின் முனைத் தளங்களுக்கு) இடையே ஓடும் ரன்னரைப் பந்தால் தொட்டு அவுட் ஆக்குவதில், உள்ள பொறி வேறு வகையானது. பந்து வலக்கையில் இருக்க, இடக்கையின் வெறும் கையுறையால் ரன்னரைத் தொட்டுவிட்டுத் துள்ளிக் குதிக்கிறார்கள். பந்தோ, பந்தைப் பிடித்திருக்கும் கையோ கையுறையோ படாமல் ரன்னர் அவுட் ஆவதில்லை. தொட்ட உடனே பந்து நழுவினாலும் டேக் செல்லாது. ரன்னரே வேண்டுமென்று தட்டிவிட்டிருந்தால் மட்டும் கதை வேறு. முதல் பேஸில் கால் வைத்தபடி பந்தைத் தட்டித் தடுமாறிப் பிடிப்பவருக்கும் இதே அளவுகோல்தான்: கட்டுப்பாடு வந்த கணத்தில் அவர் பேஸைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ரன்னர் அதற்குள் வந்து சேர்ந்திருக்கவும் கூடாது.

இவற்றையெல்லாம் விட என்னைக் கோபப்படுத்துவது ஒன்று உண்டு. நான் உடனிருந்த ஒரு சாஃப்ட்பால் ஆட்டத்தில், வெளிக்களத்தில் உயரப் போன பந்து ஃபீல்டரின் கையுறையில் பட்டு எகிறி, இரண்டாம் முறை தட்டி, மூன்றாம் முறைதான் பிடிபட்டது. மூன்றாம் பேஸில் இருந்த பெண் முதல் தொடுதலிலேயே புறப்பட்டு, ஓட்டம் எடுக்க ஹோம் பேஸுக்கு ஓடி வந்து சேர்ந்தாள். எதிரணி முறையிட, ‘பிடித்து முடிக்கும்வரை நின்றிருக்க வேண்டும்’ என்று நடுவர் அவளை அவுட் ஆக்கினார். உறுதியான பிடி தேவைப்படுவது அடித்தவரை அவுட் ஆக்கத்தான். ரன்னர் தன் பேஸை விட்டுப் புறப்பட முதல் ஃபீல்டரின் முதல் தொடுதலே போதும். இல்லாவிட்டால் பந்தைத் தட்டிக்கொண்டே உள்ளே ஓடிவந்து ரன்னரைக் கட்டிப்போட்டுவிடலாமே!

எங்கள் பயிற்சியாளர் பிரதான நடுவரிடம் போனார். தீர்ப்புச் சொன்னவரிடம் கேளுங்கள் என்றார் அவர். தீர்ப்புச் சொன்னவரோ அது தன் கணிப்பு, விவாதிப்பதற்கில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படி அலைந்து திரும்புவதற்குள் அடுத்த பந்து வீசப்பட்டுவிட்டது. அதோடு முறையிடும் உரிமையும் போனது.

ஆகவே முதலில் தீர்ப்புச் சொன்ன நடுவரிடமே செல்லுங்கள். அவர் கேட்டுக்கொள்ளாமல் மற்றொரு நடுவர் அதில் தலையிட முடியாது. ‘அவள் பிடிக்கவில்லை’ என்று தொடங்காதீர்கள், ஏனென்றால் பிடித்தாரா இல்லையா என்பது கணிப்பு, அதை எதிர்த்து முறையிட வழியில்லை. ‘ரன்னர் எந்தக் கணத்தில் புறப்படலாம் என்று எந்த விதியை வைத்துத் தீர்ப்பளித்தீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் வாயால் தவறான விதியைச் சொன்ன மறுகணம் அது கணிப்பாக இல்லாமல் விதிப்பிழையாகிவிடும். மேஜர் லீக்கின் விதிப்புத்தகம் ஆட்டத்தை எதிர்த்து முறையிடும் வழியையே இப்போது அடைத்துவிட்டதால், அதைப் பின்பற்றும் போட்டிகளில் களத்திலேயே திருத்தம் கேட்டாக வேண்டும். சாஃப்ட்பாலில் முறையீட்டுக்கு இடமளிக்கும் போட்டியானால், அடுத்த பந்து வீசப்படுவதற்கு முன்பே ‘முறையீட்டின் பேரில் ஆடுகிறோம்’ என்று நடுவரிடம் அறிவித்துவிட்டு, எந்த இன்னிங்ஸ், எத்தனை அவுட், ரன்னர்கள் எந்தெந்த பேஸில் என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.