புரோகிராமைத் தொடும் முன் எஸ்டிஏ கம்பியில் மீட்டரை வையுங்கள்

குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வெப்பநிலையைப் பதிவு செய்யும் பெட்டியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, வெப்பநிலை பார்க்க ஒரு பிஎம்இ280 சென்சார், எழுத்து காட்ட ஒரு 16x2 எல்சிடி. சென்சார், எல்சிடி இரண்டும் ஒரே ஐ2சி பஸ்ஸில், அதாவது டேட்டாவுக்கு எஸ்டிஏ, கிளாக்குக்கு எஸ்சிஎல் என்ற அதே இரண்டு கம்பிகளில். காலையில் ஒழுங்காக ஓடும், மத்தியானம் 'ரிமோட் ஐ/ஓ எரர் 121' என்று நின்றுவிடும். அதைக் கவனித்துவந்த தம்பி மூன்று நாளாக லைப்ரரியை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் எஸ்டி கார்டை அழித்து ஓஎஸ்ஸையே புதிதாக ஏற்றியிருக்கிறார். "சார், கோடுல ஒண்ணும் இல்ல சார்" என்றார். உண்மைதான், புரோகிராம் கோடில் ஒன்றும் இல்லை.

121 என்றால் போர்டு ஒரு முகவரியைக் கூப்பிட்டது, அந்தப் பக்கமிருந்து பதில் வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் வரவில்லை என்பதை அந்த எண் சொல்லாது, கம்பிதான் சொல்லும்.

ஐ2சியில் எந்தச் சிப்பும் கம்பியை மேலே தூக்குவதில்லை, கீழே இழுக்க மட்டுமே செய்யும். மேலே தூக்குவது புல்-அப் ரெசிஸ்டரின் வேலை. ராஸ்பெரி பையில் எஸ்டிஏ, எஸ்சிஎல் வரும் 3-ஆம், 5-ஆம் பின்களுக்கு 1.8 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் போர்டிலேயே இருக்கின்றன, 3.3 வோல்ட்டுக்கு. அதனால் பஸ் சும்மா இருக்கும்போது இரண்டு கம்பியிலும் 3.3 வோல்ட் இருக்க வேண்டும். நான் மீட்டரை வைத்தபோது 3.76 காட்டியது.

எங்கிருந்து வந்தது அந்த மிச்சம்? எல்சிடியை ஐ2சியோடு இணைக்க அதன் முதுகில் இருக்கும் பிசிஎஃப்8574 போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்திருந்தார்கள், அதில் 4.7 கிலோ ஓம் புல்-அப் அந்த 5 வோல்ட்டுக்கே போகிறது. இரண்டு ரெசிஸ்டரும் கம்பியை ஆளுக்கொரு பக்கம் இழுத்து நடுவில் நிறுத்தியிருக்கின்றன. அரை வோல்ட்தானே என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், ராஸ்பெரி பையின் ஜிபிஐஓ பின்கள், அதாவது வெளியே கம்பி மாட்டும் பின்கள், 3.3 வோல்ட்டுக்குத்தான் செய்யப்பட்டவை. இதே மாதிரி இன்னொரு மாட்யூலைச் சேர்த்தால் 4 வோல்ட்டைத் தாண்டிவிடும். இங்கே எல்சிடிக்குத் தனி அடாப்டர் வேறு, அதாவது ராஸ்பெரி பையை அணைத்த பிறகும் அந்த 5 வோல்ட் ரெசிஸ்டர்கள் வழியாக உள்ளே கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. எதையும் பஸ்ஸில் சேர்க்கும் முன் மின்சாரம் கொடுக்காமல் அந்த மாட்யூலின் எஸ்டிஏவுக்கும் விசிசிக்கும் (மின்சாரம் கொடுக்கும் பின்) இடையே ஓம் பாருங்கள். 4.7 கிலோ, 10 கிலோ என்று ஏதாவது காட்டினால் புல்-அப் இருக்கிறது, அப்புறம் அதற்கு 5 வோல்ட் கொடுக்கும் முன் 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் பிரித்துவைக்கும் லெவல் கன்வர்ட்டர் போடுங்கள்.

சரி, 121 பிழைக்குக் காரணம் இது இல்லை. சென்சாருக்கு 3 மீட்டர் நெட்வொர்க் கேபிள் போயிருந்தது, அதில் எஸ்டிஏவையும் எஸ்சிஎல்லையும் ஒரே முறுக்கு ஜோடியில் போட்டிருந்தார்கள். இரண்டும் ஒட்டிப் பின்னிக்கொண்டு போனால் ஒன்றின் துடிப்பு மற்றதில் ஏறும், மத்தியானம் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடத் தொடங்கியதும் அந்த இரைச்சலும் சேர்ந்துகொண்டது. எஸ்டிஏவோடு ஒரு கிரவுண்டு, எஸ்சிஎல்லோடு ஒரு கிரவுண்டு என்று ஜோடியைப் பிரித்துக் கட்டினோம், வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து பாதியாகக் குறைத்தோம், எல்சிடிக்கு நடுவில் கன்வர்ட்டர் வந்தது. பிழை நின்றுவிட்டது.

எல்லாம் கம்பிதான் என்று சொல்லவில்லை. பழைய ராஸ்பெரி பை மாடல்களின் சிப்பில் கிளாக் ஸ்ட்ரெச்சிங் கோளாறு உண்டு, அதாவது சென்சார் 'கொஞ்சம் பொறு' என்று எஸ்சிஎல் கம்பியைக் கீழே பிடித்துவைத்தால் அந்தச் சிப் அதைச் சரியாகக் கையாளாது. திசையும் அசைவும் பார்க்கும் பிஎன்ஓ055 போன்ற சென்சார்கள் அதில் மாட்டிக்கொள்ளும். அங்கே மீட்டர் சுத்தமாக 3.3 காட்டும், ஆனாலும் டேட்டா தப்பாக வரும். வேகத்தை நன்றாகக் குறைக்கலாம், இல்லாவிட்டால் அந்தச் சிப்பின் ஐ2சியை விட்டுவிட்டு பின்களைப் புரோகிராமே ஆட்டும் சாஃப்ட்வேர் ஐ2சிக்கு மாறலாம்.

கிளம்பும்போது தம்பியிடம் எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டின் வோல்ட்டையும் அளந்து, தேதி போட்டு, பெட்டி மூடியின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டச் சொன்னேன். இரண்டும் 3.3 என்று எழுதினார்.