தூக்கிய இடத்திலேயே நிற்கும் ஜன்னல்

இங்கிலாந்தின் பழைய மாடி வீடுகளில் ஜன்னலை மேலே தூக்கிவிட்டுக் கையை எடுத்தாலும் அது பாட்டுக்கு நிற்கிறதே, கொக்கிகூட இல்லையே, எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பாத் நகரத்தின் ராயல் கிரசென்ட்டையே எடுத்துக்கொள்வோம். இளைய ஜான் வுட் வடிவமைத்து 1767 முதல் 1774 வரை கட்டப்பட்ட 30 வீடுகள், பிறைபோல் வளைந்த ஒரே வரிசை. இன்று பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் முதல் தரத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் முகப்புத் தூண்களைப் படம் பிடிக்கிறார்கள், எனக்கு ஜன்னல்கள்தான்.

ஒரு ஜன்னலுக்கு இரண்டு மரச் சட்டங்கள். மேல் சட்டம் வெளிப்பக்கம், கீழ்ச் சட்டம் உள்பக்கம். ஒவ்வொன்றின் இரு ஓரத்திலும் ஒரு கயிறு கட்டி, நிலையில் பதித்த சின்னக் கப்பி வழியாக நிலைக்குள் மறைந்திருக்கும் பெட்டிக்குள் இறக்கியிருப்பார்கள். அங்கே கயிற்றின் நுனியில் வார்ப்பிரும்பு எடை தொங்கும். இரட்டை வாளிக் கிணறு மாதிரி, சட்டம் ஏறினால் எடை இறங்கும். இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் நம் கைக்கு உராய்வை வெல்வது மட்டும்தான் வேலை. கையை எடுத்ததும் அதே உராய்வு சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது.

சரி, உண்மையிலேயே சமமா? இல்லை, அங்கேதான் அழகு! சட்டம் 12 கிலோ என்றால் பக்கத்துக்கு 6 கிலோ போதும். ஆனால் விவரம் தெரிந்த தச்சர் மேல் சட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் கீழ்ச் சட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும் எடை போடுவார். மூடியிருக்கும்போது மேல் சட்டம் தானாகவே மேலே முட்டி நிற்கும், கீழ்ச் சட்டம் தன் பாரத்திலேயே அடியில் அழுந்தி உட்காரும். பெட்டிக்குள் எடைகள் மோதிக்கொள்ளாமல் நடுவில் ஒரு மெல்லிய பட்டை தொங்கும். கயிறு அறுந்தால் சுவரை உடைக்க வேண்டாம், நிலையில் இதற்கென்றே ஒரு சின்ன மூடி இருக்கிறது, அதைக் கழற்றி எடையை வெளியே எடுத்துவிடலாம்.

அப்புறம், மேலே கொஞ்சம் இறக்கி, கீழே கொஞ்சம் ஏற்றினால் சூடான காற்று மேல் வழியாகப் போய்க் குளிர்ந்த காற்று கீழே நுழையும். மின்விசிறி வேண்டாம்.

இதில் கனமான இரட்டைக் கண்ணாடியைப் போட்டால் கணக்கு மொத்தமும் மாறும். அந்த அளவு இரும்பு பெட்டிக்குள் அடங்காவிட்டால், இரும்பைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியான ஈயத்துக்குப் போக வேண்டியதுதான். பட்டியலிலுள்ள வீட்டின் ஜன்னலை மாற்ற உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி கட்டாயம் என்று அங்கே பலர் அலுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அது தேவையான கெடுபிடி. கூடவே இந்தக் கைவேலையைப் புதிய தச்சர்களுக்குக் கற்றுக்கொடுக்க அரசு தாராளமாகச் செலவழிக்கவும் வேண்டும்.