கட்டைவிரல் எந்தப் பக்கம்?

ஏற்காட்டில் ஒரு மார்கழி அதிகாலை. கரடியூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து வழியாக நடந்துகொண்டிருந்தேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூடுபனி அடைத்துக்கொண்டு நின்றது. பாதை வளையும் இடத்தில் ஓர் உருவம். கழுத்தே இல்லை. உச்சந்தலையிலிருந்து தோள் வரை ஒரே சரிவு. உயரம் எப்படியும் எட்டடி இருக்கும். என் கால்கள் தாமாக நின்றுவிட்டன. "யாருங்க?" என்று குரல் கொடுத்தேன். "நான்தானுங்க" என்று பதில் வந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், பழம் பறிக்கப் போகும் தொழிலாளி. சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். என் தோள் உயரம்கூட இல்லை.

அவர் எட்டடி வளர்ந்தது என் மூளைக்குள். லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அருகிலுள்ள குன்று பளிச்சென்று இருக்கும், தூரத்து மலை வெளுத்து மங்கித் தெரியும். மங்கலாக இருந்தால் தூரத்தில் இருக்கிறது என்பது மூளை சிறு வயதிலிருந்தே பழகிய கணக்கு. மூடுபனியின் நுண்துளிகள் ஒளியைச் சிதறடித்து, இருபதடியில் நிற்பவரையும் மங்கலாக்கிவிடுகின்றன. மூளை அவரை நாற்பதடிக்குத் தள்ளி வைக்கிறது. ஆனால் விழித்திரையில் விழுந்த பிம்பம் சுருங்கவில்லை. நாற்பதடிக்கு அப்பால் நிற்பவர் இவ்வளவு பெரிதாகத் தெரிந்தால் அவர் அரக்கனாகத்தானே இருக்க வேண்டும்! கொங்காணி கழுத்தை மறைத்துவிட்டதால் உருவம் முழுமையாகிவிட்டது.

இமயமலையின் யெட்டி, அதாவது பனிமனிதன், உண்மையில் இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது. பார்த்தேன் என்பவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்லமாட்டேன். நானும் பார்த்தவன்தான்.

யெட்டிக்குச் சாட்சியாக அதிகம் காட்டப்படுவது காலடித் தடம். 1951இல் எவரெஸ்ட்டுக்கு மேற்கே மென்லுங் பனியாற்றில் மலையேற்ற வீரர் எரிக் ஷிப்டன் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. பனிக்கோடரியைப் பக்கத்தில் வைத்து எடுத்த அந்தத் தடம் ஓரடிக்கும் சற்று நீளம். 2019இல் நேபாளத்தின் மக்காலு மலை முகாமருகே 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் கொண்ட தடங்களைக் கண்டதாக இந்திய ராணுவமே அறிவித்தது.

தடம் ஒருமுறை பதிந்தால் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறோம். அது வளரும். பனியில் பதிந்த குழியின் விளிம்பை வெயில் உருக்கும். உருகாத இடத்திலும் பனி நேரடியாக ஆவியாகும். இரண்டு மூன்று நாளில் சிறிய குழி பெரிய குழியாகிவிடும். நம் ஊர்ச் செம்மண்ணிலும் இதைப் பார்க்கலாம். சென்ற ஐப்பசியில் என் மகளைச் சேற்றில் காலை ஊன்றச் சொல்லி, தடத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். மாலையில் 19 செ.மீ. இரவெல்லாம் தூறல். விடிந்து பார்த்தால் குதிகால் விளிம்பு சரிந்து 22 செ.மீ. ஆகியிருந்தது. அவள் அம்மாவின் தடம் என்றால் எவரும் நம்புவார்கள்.

இதோடு கரடியின் நடையைச் சேர்த்துப் பாருங்கள். நாயும் பூனையும் விரல்களால் நடக்கின்றன. கரடி நம்மைப் போல உள்ளங்காலை முழுதாக ஊன்றுகிறது. நடக்கும்போது பின்னங்கால் பல வேளைகளில் முன்னங்கால் தடத்தின் மேல் பாதி ஏறிப் பதிகிறது. இரண்டு தடம் சேர்ந்து நீண்ட ஒரே தடமாகிறது, நகக்கீறல் அழிந்துபோகிறது. இரண்டு காலால் ஒரு பெரிய மனிதன் நடந்து போனது போலவே தெரியும்.

வேறுபாட்டைக் காட்டும் அடையாளம் ஒன்று உண்டு. நமக்குப் பெரிய விரல் காலின் உட்பக்கம் இருக்கிறது. கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம். அதன் இடது காலைப் பார்த்தால் மனிதனின் வலது கால் போலிருக்கும். தடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஏமாறுவோம். வரிசையாகப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

கண்ணும் தடமும் ஏமாற்றலாம், மயிர் ஏமாற்றாது. ஒவ்வோர் உயிரணுவிலும் அதற்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா நூற்றுக்கணக்கில் இருப்பதால், அதன் டி.என்.ஏ. பழைய மயிரிலும் எலும்பிலும் துண்டு துண்டாகவாவது தங்கியிருக்கும். ஒரு சிறு துண்டைப் படித்தாலே எந்த விலங்கு என்று சொல்லிவிடலாம். 2014இல் ஆக்ஸ்ஃபோர்டின் மரபியலாளர் பிரையன் சைக்ஸ் உலகெங்குமிருந்து வந்த மயிர்களைச் சோதித்தார். கரடி, குதிரை, மாடு, நாய் என்று அறிந்த விலங்குகளே வந்தன. லடாக், பூட்டான் மயிர்கள் இரண்டு மட்டும் பழங்காலத் துருவக் கரடியோடு ஒத்துப்போவதாக அவர் எழுதினார். மற்ற ஆய்வாளர்கள் மறுபடி பார்த்து, அவை இமயமலைப் பழுப்புக் கரடியாகவே இருக்க முடியும் என்று திருத்தினார்கள். 2017இல் உயிரியலாளர் ஷார்லட் லிண்ட்குவிஸ்ட்டின் குழு யெட்டியுடையவை என்று பாதுகாக்கப்பட்ட ஒன்பது மாதிரிகளைப் படித்தது. எட்டு கரடி, ஒன்று நாய். கட்டுக்கதை சொல்பவனைக் 'கரடி விடுகிறான்' என்பார்கள் நம் ஊரில். பனிமனிதன் கதையில் அந்தச் சொல் இவ்வளவு நேராகப் பலிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எங்கோ ஒளிந்திருக்கலாமே என்று கேட்பார்கள். தனியாக ஒன்று ஒளியலாம், ஓர் இனம் ஒளிய முடியாது. தலைமுறை தலைமுறையாக நீடிக்க நூற்றுக்கணக்கில் வேண்டும். அவை தின்ன வேண்டும், சாணமிட வேண்டும், குட்டி போட வேண்டும், சாக வேண்டும். சேர்வராயன் மலையில் காட்டுமாடு பகலில் கண்ணில் படுவது அரிது. ஆனால் அது இருக்கிறதா என்று தோட்டத்தில் யாரும் விவாதிப்பதில்லை. காலையில் வேலி சாய்ந்திருக்கிறது, சாணம் ஆவி பறக்கக் கிடக்கிறது.

அறிவியல் கேட்பதும் அதிகமில்லை, கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருள் போதும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபுட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். 1863இல் பல்லாவரத்தில் அவர் எடுத்த ஒரு கற்கருவி இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததைக் காட்டியது. 1935இல் ஹாங்காங் மருந்துக் கடை ஒன்றில் தொல்லுயிர் ஆய்வாளர் வான் கோனிக்ஸ்வால்ட் வாங்கிய ஒரு கடைவாய்ப் பல்லிலிருந்து ஜைகாண்டோபிதிகஸ் என்ற மாபெரும் வாலில்லாக் குரங்கு தெரியவந்தது. இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன விலங்கு அது. அதற்குப் பல் கிடைத்தது. இன்றும் உயிரோடு திரிவதாகச் சொல்லப்படும் யெட்டிக்கு ஒரு பல்கூட இல்லை. நேபாளத்தின் கும்ஜுங் மடத்தில் யெட்டியின் உச்சந்தலைத் தோல் என்று வைத்திருந்ததை 1960இல் எட்மண்ட் ஹிலாரி இரவல் வாங்கிச் சென்று சோதிக்கக் கொடுத்தார். செரோ என்னும் மலையாட்டின் தோல் அது.

தேடியதும் வீண்போகவில்லை. லிண்ட்குவிஸ்ட் குழு செய்த அதே ஆய்விலிருந்துதான் இமயமலைப் பழுப்புக் கரடி மற்றப் பழுப்புக் கரடிகளிடமிருந்து சுமார் 6,50,000 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்பது தெரிந்தது. பனியாறுகள் பெருகியபோது ஒதுங்கிப்போய்த் தனித்து நின்ற கிளை அது. அந்தக் கரடி இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. யெட்டியைப் பற்றிக் கேட்க வரும் பிள்ளைகளுக்கு இப்போது நான் முதலில் சொல்வது இந்தக் கரடியைப் பற்றித்தான். பிறகு சேற்றில் காலை ஊன்றச் சொல்லி, கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று கேட்கிறேன்.