கர்ப்பத்தில் திடீரென ரெஸ்ட் சொல்லிவிட்டார்களா? அந்த ஒரு மாதச் சம்பளத்தை விட்டுவிடாதீர்கள்

ஐந்தாம் மாத ஸ்கேனில், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, மூன்று வாரம் கட்டாயம் ரெஸ்ட் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இல்லையென்றால் திடீரென பி.பி. ஏறிவிட்டது என்று அட்மிட் செய்கிறார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று கதிகலங்கிக் கிடக்கும் பெண்ணுக்கு மறுநாளே கம்பெனியிலிருந்து போன் வருகிறது: "லீவு பாக்கி இல்லம்மா, லாஸ் ஆஃப் பே தான் போடணும். முடியலைன்னா ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, டெலிவரிக்கு அப்புறம் வந்து சேர்ந்துக்கலாம்." அந்தப் பயத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வர வேண்டிய பணம் அத்தனையையும் இழந்த பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. கர்ப்பம் காரணமாக உடம்புக்கு முடியாமல் போனால், பிரசவ விடுப்பு போக, கூடுதலாக ஒரு மாதம் வரை முழுச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1961ஆம் ஆண்டு மகப்பேறு சலுகைச் சட்டத்தின் பத்தாவது பிரிவில் இருந்தது இது. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த பிறகும் இந்த உரிமை தொடர்கிறது. "அந்தப் பழைய சட்டத்தோட இந்த லீவும் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் உங்களுக்குப் பணம் தர வேண்டியது யார் என்று பாருங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தால் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். பிடிக்கவில்லை, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் கம்பெனியே தர வேண்டும். இது தெளிவாகத் தெரியாததால்தான் கம்பெனி இ.எஸ்.ஐ.யைக் கை காட்ட, இ.எஸ்.ஐ. கம்பெனியைக் கை காட்ட, நடுவில் நிற்கும் பெண் ஓய்ந்துபோகிறாள்.

அடுத்தது டாக்டர் சீட்டு. முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு பெண் கொண்டுவந்த சீட்டைப் பார்த்தேன். மருந்துப் பெயர்களுக்குக் கீழே மூலையில் 'அட்வைஸ்டு ரெஸ்ட்' என்று மட்டும் இருந்தது. எத்தனை நாள், எதற்காக, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு வார்த்தை இல்லை. கையில் டிரிப்ஸ் ஏற்றிய பிளாஸ்திரி கூட இன்னும் பிரிக்கவில்லை, அவளைக் கவுன்டரிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீட்டை வாங்கும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்: 'கர்ப்பம் காரணமாக ஏற்பட்ட நோய்' என்ற வார்த்தை இருக்க வேண்டும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும், கையெழுத்தும் சீலும் வேண்டும். வெறும் 'வயிற்றுவலி', 'தலைசுற்றல்' என்று எழுதினால் அது சாதாரண நோய்க் கணக்கில் போய்விடும்.

இ.எஸ்.ஐ.யில் இந்த வார்த்தைக்கு எவ்வளவு விலை தெரியுமா? சாதாரண நோய்க்கு 70 சதவீதச் சம்பளம்தான், அதிலும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. கர்ப்பம் சார்ந்த நோய் என்றால் முழுச் சம்பளம். நாள் சம்பளம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளுக்குச் சாதாரணக் கணக்கில் 9,800 ரூபாய் வரும், கர்ப்பக் கணக்கில் 15,000 ரூபாய். ஒரு வரி மாறினால் 5,200 ரூபாய் போகிறது. கவுன்டரில் இருப்பவர் இதை உங்களுக்கு எடுத்துச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தால், அந்தச் சீட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் வீட்டு ஆள் மூலமாகவாவது சீக்கிரம் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குக் காட்டிவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு போய்ப் பின்தேதி போட்டுக் கேட்டால் கையை விரிப்பார்கள்.

இ.எஸ்.ஐ.யில் இன்னொரு தடங்கல்: "உங்க நாள் கணக்கு பத்தலை" என்பார்கள். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்) 70 நாளுக்கு இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் போதும். சாதாரண நோய்க்குக் கேட்கும் 78 நாள் கணக்கை இதற்குப் போட்டுத் திருப்பி அனுப்பினால் விடாமல் கேளுங்கள். கம்பெனி பிடித்த பணத்தைக் கட்டவில்லை என்றால் அது கம்பெனியின் குற்றம், அதற்காக உங்கள் உரிமை போகாது. பிடித்தத்துக்கு ஆதாரம் சம்பளச் சீட்டுதான். அதை மாதாமாதம் போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

கம்பெனியே தர வேண்டிய இடங்களில் வேறு மாதிரி கதை. "புரொபேஷன் முடியலை", "நீங்க கான்ட்ராக்ட்" என்பார்கள். பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான் மகப்பேறு சலுகைக்கான நிபந்தனை. தினக்கூலிப் பெண்களுக்கும் இது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே சொல்லிவிட்டது. இன்னும் சிலர், "சரி, உங்க 26 வாரப் பிரசவ லீவை இப்பவே ஆரம்பிச்சுக்கோங்க" என்று பெரிய மனது பண்ணுவது போலப் பேசுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். ஐந்தாம் மாதத்தில் அதைத் தொடங்கவே முடியாது. இந்த ஒரு மாதம் தனி, அதிலிருந்து கழிக்கக் கூடாது.

ஆனால் ஒரு மாதம் என்பது மொத்தத்துக்கும் சேர்த்துத்தான். அதற்கு மேலும் ரெஸ்ட் தேவைப்பட்டால் இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் சாதாரண நோய்ப் பலனுக்கு மனு கொடுக்கலாம், மற்றவர்கள் சொந்த விடுப்பைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கரு தங்காமல் போனவர்களுக்கு அடுத்த நாளிலிருந்து 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இது தெரியாமல், அந்த உடம்போடும் மனசோடும் நாலு நாளில் மெஷின் முன்னால் போய் உட்காருகிறார்கள். அதற்கும் டாக்டர் சான்றிதழ் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

விடுப்பை வாயால் சொல்லி நிறுத்தாதீர்கள். எழுதி, சீட்டின் நகலோடு மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்புங்கள். படுத்த படுக்கையாக இருந்தால் வீட்டுக்காரரோ அம்மாவோ அனுப்பட்டும். ராஜினாமாக் கடிதம், வெற்றுத்தாள் இரண்டிலும் கையெழுத்து வேண்டவே வேண்டாம். நீங்களாக விலகினால் கம்பெனியிடம் கேட்பது கஷ்டமாகிவிடும். இந்த விடுப்பில் இருக்கும்போது அவர்கள் நீக்கினால் அது சட்டவிரோதம். உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். "வாங்க, பேசி முடிச்சுக்கலாம்" என்று இழுத்தடிப்பது பெரும்பாலும் அந்த 60 நாளைக் கடத்தத்தான். முதலில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள், பேச்சுவார்த்தை அதற்கு அப்புறம்.