மிதக்கும் காத்தாலைல எஃபிஷியன்சி மட்டும் பாத்தா போதாது

செங்குத்து அச்சு டர்பைன், அதாவது நேரா நிக்கற தண்டைச் சுத்தி பிளேடு சுத்தற காத்தாலைன்னு பேச்சு எடுத்தாலே "அதுல எஃபிஷியன்சி கம்மிங்க"ன்னு முடிச்சுடறாங்க. கம்மிதான், மறுக்கல. காத்துல இருக்கற சக்தில எந்த டர்பைனும் எடுக்க முடியற உச்சம், பெட்ஸ் லிமிட், 59.3%, வழக்கமா பாக்கற பெரிய மூணு பிளேடு மெஷின் 45%க்கு மேல எடுக்கும், செங்குத்து அச்சுல நல்ல டேரியஸ் ரகம் 40% பக்கத்துல நிக்கும். ஆனா இது நிலத்துல போடற கணக்கு.

கடல் ஆழம் 60 மீட்டரைத் தாண்டிட்டா அடித்தளம் போடற செலவு கட்டுப்படியாகாது, மிதக்கவிடணும். 2017ல ஹைவிண்ட் ஸ்காட்லாந்துங்கற காத்தாலைப் பண்ணையை 30 மெகாவாட்டுக்கு அப்படித்தான் போட்டாங்க. அங்க டிசைன் பண்ற எங்களுக்குத் தலைவலியே உச்சில இருக்கற எடைதான், கியர்பாக்ஸ், ஜெனரேட்டர் எல்லாம் சேந்து நூத்துக்கணக்கான டன் கடல் மட்டத்துலேர்ந்து 100 மீட்டர் உயரத்துல ஆடும், அது சாயாம நிக்க அடியில பேலஸ்ட்னு கனமான எடை, அகலமான பிளாட்ஃபார்ம், ஸ்டீல்னு செலவு அங்கதான் ஏறுது. செங்குத்து அச்சுல ஜெனரேட்டர் தண்ணி மட்டத்துகிட்டயே வந்துடும். காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் தலையைத் திருப்பற மெக்கானிசமே வேணாம், ஜெனரேட்டர்ல ரிப்பேர்னாலும் உயரமான கிரேன் கொண்டு போகத் தேவையில்ல. எனக்கு இதுதான் பெரிய விஷயமா படுது.

சரி, அப்புறம் ஏன் இன்னும் வரல? ஃபெட்டீக், அதாவது விசை திரும்பத் திரும்ப மாறி அடிச்சு உலோகம் களைச்சு விரிசல் விடறது. ஒவ்வொரு சுத்துலயும் பிளேடு ஒரு தடவை நேர் காத்துல போகுது, ஒரு தடவை தன் ரோட்டர் கலக்கிவிட்ட காத்துக்குள்ளயே போகுது, விசை மாறி மாறி அடிக்குது. நிமிஷத்துக்கு 10 சுத்துன்னு வெச்சாலும் 20 வருஷத்துல 10 கோடி சுத்து! கலிஃபோர்னியால ஃப்ளோவிண்ட் கம்பெனியோட செங்குத்து அச்சு மெஷின்களோட அலுமினிய பிளேடுகள் இதுலதான் அடி வாங்குச்சு. கனடால கியூபெக்ல 110 மீட்டர் உயரத்துக்கு நின்ன ஏயோல்ங்கற செங்குத்து அச்சு டர்பைன், 1993ல அடி பேரிங் போய் நின்னுபோச்சு. புயல்ல மத்த டர்பைன் பிளேடைத் திருப்பி லோடைக் குறைச்சுக்கும், இங்க பெரும்பாலும் அந்த வசதி இல்ல. ரோட்டர் குடுக்கற முறுக்கு விசையையும் நங்கூரச் சங்கிலிங்கதான் பிடிச்சு நிறுத்தணும்.

ஸ்வீடன்ல சீட்வர்ல்ங்கற கம்பெனி 2015ல கடல்ல இறக்கின மிதக்கற செங்குத்து அச்சு மெஷின் 30 கிலோவாட்தான், அங்கேர்ந்து மெகாவாட்டுக்குப் போறது சாதாரண தூரம் இல்ல. அதனால யாராவது அழகா ஒரு அனிமேஷன் காட்டி முதலீடு கேட்டா எஃபிஷியன்சி பத்திக் கேக்கறதுக்கு முன்னாடி, பிளேடு ஜாயிண்ட்டை எத்தனை சைக்கிளுக்கு டெஸ்ட் பண்ணீங்க, மெயின் பேரிங்கைக் கடல்லயே மாத்த முடியுமா இல்ல மொத்தத்தையும் துறைமுகத்துக்கு இழுத்துட்டு வரணுமா, இதைக் கேளுங்க.