குளிரைக் குழாயில் அனுப்பலாம், வெப்பத்தை எங்கே கொட்டுவது?

சும்மா உட்கார்ந்து விரிவுரை கேட்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. 200 பேர் நிறைந்த மண்டபம் என்றால் 20 கிலோவாற்று. கூரைத்தட்டு காலையிலிருந்து உறிஞ்சி வைத்த வெயில், விளக்குகள், புரொஜெக்டர் எல்லாம் இதற்கு மேலதிகம். கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ உள்ள பல்கலைக்கழக வளாகத்தில், ஓகஸ்ட் மாதப் பிற்பகல் இரண்டு மணிக்கு அப்படியொரு மண்டபம் எப்படி இருக்கும் என்பதை அங்கே படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வழக்கமான வழி, சுவருக்குச் சுவர் ஏசி பூட்டுவது. ஒவ்வொரு ஏசியும் தன் அறையின் மிக மோசமான நேரத்தைத் தாங்கும் அளவில் வாங்கப்படும். ஆனால் எல்லா அறைகளுக்கும் அந்த மோசமான நேரம் ஒன்றாக வருவதில்லை. காலையில் விரிவுரை மண்டபத்தில் இருந்தவர்கள்தான் பின்னேரம் ஆய்வுகூடத்தில் நிற்கிறார்கள், இருட்டியபின் நூலகத்தில் இருக்கிறார்கள். தனித்தனியாகக் கூட்டினால் 450 தொன் குளிரூட்டல் கேட்கும் ஒரு வளாகத்துக்கு, ஓரிடத்தில் வைத்துப் பகிர்ந்தால் 300 தொன் போதுமாக இருக்கலாம். (இந்தத் 'தொன்' எடை இல்லை. ஒரு அமெரிக்கத் தொன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகம், 3.5 கிலோவாற்று. இயந்திரம் வரமுதல் ஐஸ்கட்டி விற்றவர்களின் கணக்கு இன்னும் விலைப்பட்டியலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

பகிர்வதற்குக் குளிரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக வேண்டும். காற்றில் கொண்டுபோக முடியாது. ஒரே வெப்பநிலை வேறுபாட்டில், ஒரு லீற்றர் தண்ணீர் சுமக்கும் வெப்பத்தைச் சுமக்க 3,500 லீற்றர் வரை காற்று வேண்டும். ஆகவே தண்ணீர். சில்லர் என்று அழைக்கப்படும் இயந்திரம் தண்ணீரை 7 பாகை செல்சியஸுக்குக் குளிர்விக்கிறது. காப்பிட்ட குழாய்களில் அது கட்டடம் கட்டடமாகப் போய், அறைகளின் சுருள்குழாய்களுக்குள் ஓடி, 13 பாகையில் திரும்பி வருகிறது. அந்த 6 பாகை வேறுபாட்டில்தான் முழு வேலையும் நடக்கிறது. 300 தொன்னுக்கு வினாடிக்கு 42 லீற்றர் ஓடினால் சரி. எட்டு அங்குலக் குழாய் ஒன்று அதைச் சிரமமில்லாமல் கொண்டுபோகும்.

சில்லருக்குள் நடப்பது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் நடப்பதேதான், அளவு மட்டும் பெரிது. ஆர்-134ஏ போன்ற ஒரு குளிரூட்டித் திரவம், வளிமண்டல அமுக்கத்தின் மூன்றரை மடங்கில் வெறும் 5 பாகையில் கொதிக்கும். கொதிக்க வேண்டிய வெப்பத்தை அது பக்கத்தில் ஓடும் தண்ணீரிலிருந்து பிடுங்குகிறது, தண்ணீர் குளிர்கிறது. பிறகு கம்பிரசர் அந்த வாயுவை வளிமண்டல அமுக்கத்தின் பத்து மடங்குக்கு நெருக்குகிறது. இப்போது அது 40 பாகையிலேயே திரவமாக ஒடுங்கும். ஒடுங்கும்போது, பிடுங்கிய வெப்பத்தையும் கம்பிரசர் சேர்த்த மின்சாரத்தையும் ஒன்றாக வெளியே தள்ளும். மெல்லிய வால்வு வழியாக அமுக்கம் இறங்கியதும் திரவம் மீண்டும் கொதிக்கத் தயார்.

ஆக, யாரும் குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறையிலிருந்து எடுத்த வெப்பம், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, வெளியே ஓரிடத்தில் கொட்டப்படுகிறது. விளம்பரப் படங்களில் நீலக் குழாயைத்தான் காட்டுவார்கள். வன்னியில் திட்டமிடுபவர் முதலில் கேட்க வேண்டியது, கொட்டுமிடம் எது என்பது.

உலகில் அதிகம் பயன்படும் கொட்டுமிடம் கூலிங் டவர். ஒடுக்கும் பகுதியில் சூடேறிய தண்ணீரை மேலிருந்து தூவி, மின்விசிறியால் காற்றை இழுத்து, ஒரு பகுதியை ஆவியாக விடுகிறார்கள். ஒரு கிலோகிராம் தண்ணீர் ஆவியாகும்போது 2,400 கிலோயூலுக்குச் சற்று மேல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மிச்சம் குளிர்ந்து கீழே விழும். எவ்வளவு குளிரும் என்பதை வெயிலின் சூடு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைதான் அதன் எல்லை. சோளகக் காற்று வீசும் நாளில் 35 பாகை வெயில், 50 வீத ஈரப்பதன் என்று வைத்துக்கொள்வோம். மாரிமழை நாளில் 28 பாகை, 90 வீதம். இரண்டிலும் ஈரக்குமிழ் ஏறத்தாழ 26.5 பாகைதான்! வாய் உலர்ந்துபோகும் ஆடி மாதத்திலும் டவர் மழைக்காலத்தைப் போலவே நன்றாக வேலை செய்யும்.

ஆனால் அது தண்ணீர் குடிக்கும். முழுச்சுமையில் 300 தொன் டவர் ஒன்று மணிக்கு 1,800 லீற்றரளவில் ஆவியாக இழக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு 15,000 லீற்றர் என்று வையுங்கள். அதுவும் பவுசர்கள் ஓடத்தொடங்கும் மாதங்களில்தான் இது உச்சத்தில் இருக்கும்.

கணக்கு அங்கேயும் முடிவதில்லை. ஆவியாவது தூய நீர் மட்டும். உப்புகள் தொட்டியில் தங்கிச் செறிகின்றன. எங்கள் கிணறுகள் பலவற்றில் வருவது உப்புகள் மிகுந்த கிவுள் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே கல்சியம், சில்லரின் ஒடுக்கிக் குழாய்களிலும் படியும். வெப்பம் அந்தப் படிவைத் தாண்டி வெளியேற முடியாமல் ஒடுங்கும் வெப்பநிலை ஏற, கம்பிரசர் மூச்சு வாங்கும், மின்கட்டணம் கூடும். படியவிடாமலிருக்க, செறிந்த தண்ணீரில் ஒரு பங்கை அடிக்கடி திறந்துவிட்டுப் புதுத்தண்ணீர் சேர்க்க வேண்டும். நல்ல தண்ணீராக இருந்தால் உப்பை ஐந்து மடங்கு வரை செறியவிடலாம். ஆவியானதில் கால்வாசியை மேலதிகமாக ஊற்றினால் போதும். கிவுள் தண்ணீரில் இரண்டு மடங்கோடு நிறுத்த வேண்டி வந்தால், ஆவியான அளவுக்கு இன்னொரு பங்கு வாய்க்காலில் போகும். 15,000 லீற்றர் 30,000 ஆகிவிடும். மென்னீராக்கும் கருவி பூட்டலாம். அதற்கும் உப்பும் ஆளும் கவனமும் வேண்டும். கவனம் தவறினால் படிவு மட்டுமல்ல, வெதுவெதுப்பான தொட்டியில் லீஜியனெல்லா பக்டீரியாவும் வளரும். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடியவர்களுக்கு நிமோனியா வந்து பலர் இறந்ததை ஆராய்ந்தபோதுதான் அந்தக் கிருமி முதன்முதலில் இனங்காணப்பட்டது.

அப்படியென்றால் பக்கத்தில் இருக்கும் இரணைமடுக் குளத்தில் வெப்பத்தைக் கொட்டினால் என்ன? கேள்வி வேடிக்கையானது இல்லை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து கயூகா ஏரியின் ஆழத்துத் தண்ணீரைக் கொண்டு தன் வளாகத்தைக் குளிர்விக்கிறது, கோடையிலும் கம்பிரசர் பெரிதாக ஓடாமலே. தண்ணீரின் அடர்த்தி 4 பாகையில் மிக அதிகம். குளிர்காலத்தில் குளிர்ந்த நீர் அடியில் போய்த் தங்கி, 75 மீற்றர் ஆழத்தில் ஆண்டு முழுவதும் அப்படியே கிடக்கிறது. இரணைமடுவுக்கு அந்தக் குளிர்காலமும் இல்லை, அந்த ஆழமும் இல்லை. அதன் அடித்தண்ணீரும் வெதுவெதுப்புத்தான். 7 பாகை கிடைக்காவிட்டாலும், டவருக்குப் பதிலாக வெப்பம் கொட்ட மட்டும் பயன்படுத்தலாமே என்று ஒரு பொறியியல் மாணவர் கேட்கக்கூடும். இயற்பியல் விதிப்படி முடியும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று குளத்து நீரை அளந்து முடிவெடுக்கும் ஊரில் அந்த யோசனையை யார் முன்வைப்பது? யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்துக்கே கிளிநொச்சி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்த குளம் அது.

மிஞ்சுவது காற்று. காற்றால் குளிரும் சில்லரில் டவரே கிடையாது. வெளிக்காற்றை விசிறி இழுத்து ஒடுக்கிமேல் ஊதும். துளி தண்ணீர் செலவில்லை, கிவுள் பயமில்லை. விலையை மின்சாரத்தில் கொடுக்கிறோம்: டவருள்ள சில்லரின் கம்பிரசருக்குத் தொன்னுக்கு 0.6 கிலோவாற்று போதும் என்றால், இதற்கு 1.1 அல்லது 1.2 வேண்டும். வெயில் ஏற ஏற அது இன்னும் மோசமாகும். இருந்தாலும் வன்னியில் ஒரு வளாகத்துக்கு நான் இதைத்தான் தெரிவுசெய்வேன். மின்சாரத்தைக் கூரையிலேயே சூரியக்கலத்தால் எடுக்கலாம், வகுப்பு நடப்பதும் வெயில் நேரத்தில்தான். தண்ணீரை அப்படி எடுக்க வழியில்லை.

எந்தச் சில்லர் என்றாலும் அறைக்குள் இன்னொரு தண்ணீர்க் கணக்கு இருக்கிறது. மாரியில் காற்றின் பனிபடுநிலை, அதாவது அதன் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 24 பாகையைத் தாண்டும். 7 பாகைச் சுருளைத் தொட்டவுடன் அதன் ஈரம் துளியாக வடியும். ஒரு தொன்னுக்கு மணிக்கு ஒரு லீற்றரளவு, கல்சியம் துளியும் இல்லாத தண்ணீர். டவர் வைத்தவர்கள் இதை வீணாக்காமல் தொட்டிக்கு விடலாம். மற்றவர்கள் மரத்துக்கு ஊற்றலாம். சுருளைக் குளிராக வைப்பதற்குக் காரணமே இந்த ஈரம்தான். மின்சாரம் மிச்சம் என்று 12 பாகைத் தண்ணீர் அனுப்பினால் அறை குளிரும், ஆனால் ஈரம் போகாது. நூலகத்துப் புத்தகங்களில் பூஞ்சணம் பிடிப்பது அப்படித்தான். குழாயின் காப்புறை கிழிந்த இடத்திலும் இதே துளிகள் சொட்டி, கூரைத்தகட்டில் மஞ்சள் வட்டம் போடும்.

தண்ணீரில் குளிர் அனுப்புவதில் இன்னொரு வசதி, அதைச் சேமிக்கலாம். உயரமான ஒரு தொட்டியில் 7 பாகைத் தண்ணீர் அடியிலும் 13 பாகைத் தண்ணீர் மேலேயும் கலக்காமல் தங்கும், அடர்த்தி வேறுபாடு அவ்வளவு. ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 2 தொன்-மணி நேரத்தைத் தாங்கும். 600 கன மீற்றர் தொட்டி, 300 தொன்னை நான்கு மணி நேரம் கொடுக்கும். நேரத்துக்கேற்ற மின்கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விலை உச்சம், அதுவும் சரியாக நான்கு மணி நேரம். நண்பகல் சூரியமின்சாரத்தில் தொட்டியைக் குளிர்வித்து வைத்தால், நூலகத்துக்கும் மாலை வகுப்புகளுக்கும் கம்பிரசரை நிறுத்திவிட்டு பம்பை மட்டும் ஓடவிடலாம். பம்பும் மெதுவாகவே ஓடும்: ஓட்டத்தை 20 வீதம் குறைத்தால் அதன் மின்தேவை பாதியாக இறங்கும். தொட்டியைக் கட்டும்போது உட்குழாய் வாய்களை அகலமாக வையுங்கள். தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் இரண்டு அடுக்கும் கலந்து, தொட்டி முழுவதும் எதற்கும் உதவாத 10 பாகைத் தண்ணீராகிவிடும்.